அச்சமும் அச்செழுத்தும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியின் சிறப்பை எனக்கு முன் பேசிய அறிஞர்கள் நன்கு எடுத்துரைத்துவிட்டனர். நான் அதை ஒட்டிய வேறொன்றைக் கூற விழைகின்றேன். நம் பாட்டன்மார்க்கு எழுத்து மறுக்கப்பட்டது. அதை நாம் போராடிப் பெற்றோம். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் நாளேட்டை எழுத்துக் கூட்டாமல் படிக்கின்றார்கள். ஆனால் அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்று நம்பும் பழக்கமும் அதனோடு சேர்ந்தே வந்துவிட்டது. ஊரில் ஒரு கொலையோ, கொள்ளையோ, பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையோ நிகழ்ந்த மறுநாள் காலையில் தேநீர்க் கடையில் ஏடு விரிக்கப்படுகின்றதே, அந்த வேளையில் இப்பழக்கம் என்ன கேடு விளைவிக்கும் என்பதைப் பற்றித்தான் பேசப் போகின்றேன்.

கொடுஞ்செயல் நிகழ்ந்தால் மக்கள் அஞ்சுவது இயற்கை. அவ்வச்சத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் அச்சம் வெறுமனே அச்சமாக நெடுநேரம் நிற்பதில்லை. தனக்கு ஒரு முகம் வேண்டும் என்று அது தேடுகின்றது. "செய்தவன் யார்?" என்ற கேள்விக்கு விடை வருவதற்கு முன்பே, "செய்யக்கூடியவர்கள் யார்?" என்ற கேள்வி எழுந்துவிடுகின்றது. அதற்கு விடை ஏற்கெனவே ஊரில் தயாராக இருக்கும். யாரைப் பற்றி ஊர் முன்னமே இழிவாக எண்ணுகின்றதோ, அவர்களே அந்த விடை. ஏடுகள் அம்முகத்தை அச்சிட்டு வீடுதோறும் கொடுத்துவிடுகின்றன. இதை நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றை வைத்து விளக்கினால், கட்சி பேசுகின்றேன் என்பார்கள். ஆகவே கடல் கடந்து, வழக்கு முடிந்து உண்மையும் வெளிவந்துவிட்ட ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கின்றேன்.

1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் நியூயார்க் மாநகரில், சென்ட்ரல் பார்க் என்னும் பெரும் பூங்காவில், உடற்பயிற்சிக்காக ஓடிக்கொண்டிருந்த இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருவர் தாக்கப்பட்டார். அவர் வங்கித் துறையில் உயர் பதவியில் இருந்த வெள்ளையினப் பெண்மணி. கற்பழிக்கப்பட்டு, மண்டை உடைக்கப்பட்டு, உடலின் குருதியில் முக்கால் பங்கை இழந்த நிலையில் நள்ளிரவுக்குப் பின் கண்டெடுக்கப்பட்டார். பன்னிரண்டு நாட்கள் நினைவின்றிக் கிடந்தார். பிழைத்தெழுந்தபோது அன்றிரவு நடந்தது எதுவும் அவர் நினைவில் இல்லை.

அந்நகர மக்கள் அஞ்சியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1990-இல் மட்டும் அந்நகரில் 2,245 கொலைகள் நிகழ்ந்தன. அன்றிரவு அப்பூங்காவுக்குள் ஏறத்தாழ முப்பது சிறுவர்கள் கூட்டமாக நுழைந்ததும், அவர்களுள் சிலர் வழிப்போக்கர்களை அடித்துத் துன்புறுத்தியதும் மெய். இதை மறைத்துவிட்டுப் பேசினால் நானும் அந்த ஏடுகளின் வேலையையே செய்தவனாவேன். ஆனால் பூங்காவின் ஒரு பகுதியில் சிறுவர்கள் சிலர் முரட்டுத்தனம் செய்தார்கள் என்பதிலிருந்து, வேறொரு பகுதியில் நிகழ்ந்த இக்கொடுமையையும் அவர்களே செய்தார்கள் என்று முடிவுகட்ட இடையில் சான்று வேண்டுமல்லவா? அச்சான்றைத் தேட எவர்க்கும் பொறுமை இல்லை.

காவல்துறையினர் பல சிறுவர்களைப் பிடித்தனர். இறுதியில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் ஐவர். நால்வர் கறுப்பினத்தவர், ஒருவர் லத்தீன் அமெரிக்க வழியினர். இருவர்க்கு வயது பதினான்கு, இருவர்க்குப் பதினைந்து, மூத்தவருக்குப் பதினாறு. நம் பள்ளிகளில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் படிக்கும் வயது! அவர்களைப் பல மணி நேரம், சிலரை ஓர் இரவும் பகலும், உறங்கவிடாமல் வினவினார்கள். "நீ பார்த்ததாகச் சொல்லிவிடு, வீட்டிற்குப் போகலாம்" என்ற நம்பிக்கை ஊட்டப்பட்டதாக அவர்கள் பின்னாளில் கூறினார்கள். நால்வர் நிகழ்படக் கருவியின் முன் வாக்குமூலம் அளித்தனர். ஒவ்வொருவனும், மற்றவர்கள் செய்தார்கள், நான் அருகில் இருந்தேன் என்றே சொன்னான். எந்த இடம், எந்த நேரம், எதனால் அடித்தார்கள், அப்பெண் என்ன உடை உடுத்தியிருந்தார் என்பவற்றில் ஒருவன் சொன்னது மற்றவன் சொன்னதோடு ஒத்துவரவில்லை. மேலும், அப்பெண்ணின் உடலில் கிடைத்த விந்து இவர்கள் ஐவரில் ஒருவருடையதும் அன்று என்பதை மரபணுச் சோதனை வழக்கு நடக்கும்போதே காட்டியது. அப்போதும் வழக்கு நிற்கவில்லை.

ஏனெனில் தீர்ப்பு ஏடுகளில் முன்பே எழுதப்பட்டுவிட்டது. அந்நகரில் தெருமுனையில் கூவி விற்கப்படும் சிறு வடிவ ஏடுகள் பல. மறுநாள் எவனுடைய தலைப்பு கொட்டை எழுத்தில் இருக்கின்றதோ அவனுடைய ஏடே விற்கும். 'ஓநாய்க் கூட்டம்' என்று எழுதினார்கள். சிறுவர்கள் கூட்டமாகத் திரிந்து காண்போரைத் தாக்குவதற்கு 'வைல்டிங்' என்று பெயர் இருப்பதாக ஒரு சொல்லைக் கண்டெடுத்து, அது ஏதோ கறுப்பினப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்பதுபோல் நாள்தோறும் அச்சிட்டார்கள். ஒரு சொல் பிறந்துவிட்டால் போதும். அதற்குரிய ஆட்கள் இருந்தே தீரவேண்டும் என்று மக்கள் நம்பிவிடுகின்றார்கள். சிறுவர்களின் பெயர்களும் முகவரிகளும்கூட வெளிவந்தன. வாக்குமூலம் கொடுத்தார்கள் என்பது முதற்பக்கத்தில் வந்தது. அவை ஒன்றோடொன்று முரண்பட்டன என்பதற்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை.

நிகழ்ச்சி நடந்து பன்னிரண்டாம் நாள், மே 1 அன்று, வீடு, நிலம் கட்டி விற்கும் பெருஞ்செல்வர் ஒருவர் நான்கு நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவரவேண்டும் என்பதே அதன் பொருள். அதற்கு அவர் 85,000 டாலர் செலவிட்டதாக அன்று கூறப்பட்டது. சிறுவர்களின் பெயர் அதில் இல்லை. ஆனால் யாரைக் குறித்தது என்பதை அறியாதவர் நகரில் எவரும் இல்லை. வழக்கு நீதிமன்றப் படியேறவும் இல்லை. விளம்பரம் தூக்குக் கயிற்றைப் பற்றிப் பேசியது! அவர் பெயர் டொனால்டு டிரம்ப். பின்னாளில் அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவரே.

1990-இல் நடந்த இரு விசாரணைகளில் ஐவரும் தண்டிக்கப்பட்டனர். நால்வர் ஆறேழு ஆண்டுகள் சிறையில் கிடந்தனர். பதினாறு வயது நிரம்பியிருந்த கோரி வைஸ் மட்டும் பெரியவர்களோடு பெரியவராக அடைக்கப்பட்டு, ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளைக் கழித்தார்.

2002-இல் உண்மை வெளிவந்தது. வேறு குற்றங்களுக்காகச் சிறையில் இருந்த மத்தியாஸ் ரேயஸ் என்பவன், அப்பெண்ணைத் தாக்கியவன் நான் ஒருவனே என்று தானாக முன்வந்து கூறினான். மரபணு அவனுடையதோடு பொருந்தியது. அரசுத் தரப்பு வழக்கறிஞரே வேண்டிக்கொள்ள, 2002 டிசம்பர் 19 அன்று ஐவர் மீதும் இருந்த தண்டனைத் தீர்ப்புகள் நீக்கப்பட்டன. 2014-இல் மாநகர ஆட்சி அவர்களுக்கு 41 மில்லியன் டாலர், அதாவது நான்கு கோடியே பத்து லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்க உடன்பட்டது. ஐவருள் ஒருவரான யூசுஃப் சலாம் 2023-இல் அதே நகரின் மன்ற உறுப்பினராக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கதை நல்லவிதமாக முடிந்தது என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. இளைஞர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். உண்மைக் குற்றவாளியான ரேயஸ் அன்று எங்கே இருந்தான்? அதே நகரில், அதே பகுதியில் திரிந்துகொண்டிருந்தான். ஏப்ரல் 19-க்கு இரண்டு நாள் முன்பு அதே பூங்காவில் மற்றொரு பெண்ணைத் தாக்கியவன் அவனே. ஏடுகளும் காவல்துறையும் ஐந்து சிறுவர்களைப் பிடித்துவிட்ட பெருமையில் இருந்த அந்தக் கோடையில் அவன் மேலும் பல பெண்களைக் கெடுத்தான். ஜூன் மாதத்தில் கருவுற்றிருந்த ஒரு பெண்ணைக் கொன்றான். ஆகஸ்டில்தான் பிடிபட்டான். பொய் முகம் ஒன்றை அச்சத்திற்குக் கொடுத்ததால் கெட்டவர்கள் கறுப்பினச் சிறுவர்கள் மட்டுமல்லர். பெண்களைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு எழுப்பப்பட்ட அந்த இரைச்சலின் மறைவில்தான் அப்பெண்களின் உயிரும் மானமும் போயின.

இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுவே பெரிதாகப் படுகின்றது. அதே வாரத்தில் அந்நகரில் கற்பழிப்புக்கோ, கற்பழிப்பு முயற்சிக்கோ ஆளானதாகப் புகார் கொடுத்த பெண்கள் இன்னும் இருபத்தெட்டுப் பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும் ஆவர். அவர்களைப் பற்றி ஏடுகள் வாய் திறக்கவில்லை. மே மாதத் தொடக்கத்தில் புரூக்ளின் பகுதியில் ஒரு கறுப்பினப் பெண்ணைக் கெடுத்து, நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து கீழே தள்ளினார்கள். அச்செய்தி உள்பக்கங்களில் சிறிதாக வந்து போயிற்று. ஜோன் டிடியன் என்னும் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 1991-இல் எழுதிய நீண்ட கட்டுரையில், அவ்வாண்டு அந்நகரில் பதிவான மற்ற 3,254 கற்பழிப்பு வழக்குகளை நினைவூட்டி, ஒன்று மட்டும் ஏன் நகரத்தின் கதையாயிற்று என்று வினவினார். ஆக, பரபரப்பும் மௌனமும் ஒரே கையின் இரு வேலைகள். குற்றவாளி என்று காட்ட வேண்டுமானால் ஒடுக்கப்பட்டவனின் முகம் முதற்பக்கத்திற்கு வரும். பாதிக்கப்பட்டவள் ஒடுக்கப்பட்டவளாக இருந்தால் செய்திக்கே இடம் இராது.

இது 1989-இல் தொடங்கிய வழக்கமும் அன்று. 1906 செப்டம்பர் 22 அன்று அட்லாண்டா நகரில், வெள்ளைப் பெண்களைக் கறுப்பர்கள் தாக்கியதாகச் சரிபார்க்கப்படாத செய்திகளைச் சிறப்புப் பதிப்புகளாக ஒன்றன்பின் ஒன்றாக அச்சிட்டு, பையன்களை விட்டுத் தெருத்தெருவாகக் கூவி விற்றார்கள். இருட்டுவதற்குள் ஆயிரக்கணக்கானோர் கூடி, கண்ணில் பட்ட கறுப்பினத்தவரையெல்லாம் அடித்துக் கொல்லத் தொடங்கினர். இரண்டு மூன்று நாட்களில் குறைந்தது இருபத்தைந்து கறுப்பினத்தவர் மாண்டனர்.

இதை எதிர்த்து எவரும் எழுதவில்லையா என்று கேட்பீர்கள். எழுதினார் ஒருவர்; அதுவும் ஒரு பெண். அடிமையாகப் பிறந்து, படித்து, பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்த ஐடா வெல்ஸ் அம்மையார். மெம்ஃபிஸ் நகரில் சிறு ஏடு ஒன்றுக்கு உரிமையாளர்களுள் ஒருவராக இருந்தார். 1892 மார்ச்சில் மளிகைக் கடை வைத்திருந்த அவருடைய நண்பர் மூவரை ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துச் சென்று கொன்றது. கறுப்பர்களைக் கொல்வதெல்லாம் வெள்ளைப் பெண்களின் மானத்தைக் காக்கவே என்று அன்றைய ஏடுகள் எழுதிவந்தன. அம்மையார் அழவுமில்லை, வசைபாடவுமில்லை, கணக்கெடுத்தார். வெள்ளையர் நடத்திய ஏட்டில் வந்த புள்ளிகளையே எடுத்துக்கொண்டு, கொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் மீது மட்டுமே அக்குற்றம் சாட்டப்படவாவது செய்தது என்று காட்டினார். அவருடைய எழுத்தைப் பொறுக்காதவர்கள் அவருடைய அச்சகத்தை உடைத்து நொறுக்கினார்கள். அவர் ஊரில் இல்லாததால் உயிர் தப்பினார். வேறு நகரில் இருந்துகொண்டு தொடர்ந்து எழுதினார்.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1946-இல் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். அம்மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படிகளை வேண்டி எழுதிய கடிதம் அது. ஐடா வெல்ஸ் செய்த வேலையை இங்கே செய்தவர்களும் உண்டு. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-இல் எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அந்தப் பெயரையே வைத்து 'பறையன்' என்னும் ஏட்டைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளியிட்டார். 1920 ஜனவரியில் டாக்டர் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினார். ஊமையரின் தலைவன் என்பது அதன் பொருள். பேசத் தெரியாதவர் என்பதனால் அன்று ஊமையர். பேசியதை எவரும் அச்சிடாததால் ஊமையர்.

நம் நிலை என்ன? 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் நாற்பத்து நான்கு பேர், பெண்களும் குழந்தைகளுமாக, ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதையும் 'மோதல்' என்று எழுதியவர்கள் உண்டு. மோதலுக்கு இரண்டு பக்கமும் கை ஓங்க வேண்டாமா? குடிசைக்குள் ஒளிந்திருந்த குழந்தை யாரோடு மோதிற்று? இன்றும் சேரி தாக்கப்பட்டால் 'இரு தரப்பினர் மோதல்' என்ற தலைப்பைக் காண்கின்றோம். எங்கேனும் திருட்டு நடந்து நம் தெருப் பையன் பிடிபட்டாலோ 'பரபரப்பு வாக்குமூலம்' என்று வருகின்றது. இந்தப் 'பரபரப்பு' என்ற சொல்லை மட்டும் தடை செய்தால் சில ஏடுகள் பாதிப் பக்கத்தோடு நின்றுவிடும்!

மாணவர்கள் சட்டத்தையும் சிறிது அறிந்திருக்க வேண்டும். காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிரான சான்றாகக் கொள்ளக்கூடாது என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கின்றது. அடித்து வாங்கிய சொல் உண்மையாகாது என்பதை வெள்ளைக்காரனே அறிந்திருந்தான். நீதிமன்றம் ஏற்காத அவ்வாக்குமூலத்தைத்தான் ஏடு காலையில் நம் கையில் கொடுக்கின்றது. அதுபோலவே, குற்றஞ்சாட்டப்பட்ட பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிடக்கூடாது என்று 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம் கூறுகின்றது. நம் தெருப் பிள்ளை ஒருவனின் படம் அவ்வாறு வந்தால், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டிற்குள் இருக்கவேண்டியதில்லை. அது குற்றம் என்று எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஏட்டின் வேலையை இப்போது கைப்பேசியும் செய்கின்றது. இதில் நாமும் குற்றமற்றவர்கள் என்று சொல்லமாட்டேன். 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கின்றார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியே நாடெங்கும் பரவியது. மே 9 அன்று போளூர்ப் பக்கத்தில், குலதெய்வ வழிபாட்டிற்காகச் சென்னையிலிருந்து வந்த அறுபது வயது கடந்த மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மராட்டிய மாநிலம் துலே மாவட்டத்தில் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் ஊர் ஊராகப் பிச்சையெடுத்துத் திரியும் நாடோடிச் சமூகத்தவர். அச்சம் அங்கேயும் நாதியற்றவனின் முகத்தைத்தான் தேடிப் பிடித்தது. அதே மாதம் ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே முறையில் அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு விதித்தது. அனுப்பியவர்களில் ஒடுக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை என்று எவரால் உறுதி கூற முடியும்?

கழகத்தின் படிப்பகத்திற்கு நாள்தோறும் ஏடுகள் வருகின்றன. ஒரு வேண்டுகோள் வைக்கின்றேன். தடித்த குறிப்பேடு ஒன்று வாங்குங்கள். நம் மாவட்டத்தில் கொடுஞ்செயல் ஒன்று நிகழ்ந்தால், முதல் நாள் செய்தியை வெட்டி ஒட்டுங்கள். இதை யார் சொன்னதாக ஏடு எழுதுகின்றது, காவல்துறை மட்டுமா, பாதிக்கப்பட்டவரும் பேசினாரா என்று ஓரத்தில் குறியுங்கள். எவருடைய சாதியும் தெருவும் எழுதப்பட்டிருக்கின்றது, எவருடையது எழுதப்படவில்லை என்றும் குறியுங்கள். பிறகு அந்த வழக்கை விட்டுவிடாமல் குற்றப் பத்திரிகை, விசாரணை, மேல்முறையீடு என்று தீர்ப்பு வரும்வரை தொடருங்கள். ஐந்தாண்டு ஆகலாம், பத்தாண்டும் ஆகலாம்; இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பட்டம் பெற்று வந்து அந்தப் பக்கத்தை முடிக்கவேண்டியிருக்கும். விடுதலையானவரைப் பற்றிய செய்தி எத்தனை வரியில், எந்தப் பக்கத்தில் வந்தது என்பதையும் மறவாமல் ஒட்டுங்கள். சட்டம் பயிலும் நம் பிள்ளைகள் இருவரேனும் இப்பணிக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை அதிலிருந்து ஒரு சிறு வெளியீடு கொண்டுவர வேண்டும்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதை நானும் பார்க்கின்றேன். குறிப்பேட்டின் விலையை நானே கொடுத்துவிட்டுச் செல்கின்றேன். பொறுப்பேற்க விரும்புகின்றவர்கள் கூட்டம் முடிந்ததும் படிப்பகப் பொறுப்பாளரிடம் பெயர் கொடுங்கள்.